எவரெஸ்ட் ஏறோணும் என்பவர்களுக்கு: முதலில் என்ன அனுபவம், அப்புறம் என்ன விதி

"அண்ணா, எவரெஸ்ட் ஏறோணுங்க. எவ்வளவு செலவாகும்?"

கோவையில் என் பட்டறைக்கு வந்து போகும் பையன்கள் தொடங்கி, யாரிடமோ எண் வாங்கி பெங்களூரிலிருந்து கூப்பிடும் ஐ.டி. ஆட்கள் வரை எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. செலவுக்குப் பதில் சொல்வது லேசு. நேபாளப் பக்கமாக, வசந்த காலத்தில், எல்லோரும் போகும் வழியில் ஏறுவதற்கு அரசுக்குக் கட்டும் அனுமதிக் கட்டணம் மட்டும் ஆளுக்கு 15,000 டாலர். 2025 செப்டம்பரில்தான் 11,000-லிருந்து ஏற்றினார்கள். மேலே கூட வந்து வழிகாட்டும் ஷெர்பா, ஆக்சிஜன், கூடாரம், சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். பணம் இருந்தால் கட்டலாம், இல்லாவிட்டால் ஸ்பான்சர் தேடலாம்.

நான் திருப்பிக் கேட்பது வேறு. "தடிமனான கையுறை போட்டுக்கொண்டு, இருட்டில், காற்றடிக்கும்போது, க்ராம்பானை நீயே மாட்டிக்கொள்வாயா தம்பி?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. "க்ராம்பான்னா என்னங்கண்ணா?" என்று கேட்டவர்களும் உண்டு. பனிக்கட்டியில் கால் வழுக்காமல் இருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்தான் க்ராம்பான். அதைத் தெரியாமல் எவரெஸ்டுக்கு விலை கேட்பதில் தப்பில்லை. தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டுவதுதான் தப்பு.

7000, 8000 மீட்டர் மலைக்குப் போக நினைப்பவர் எந்த வரிசையில் அனுபவம் சேர்க்க வேண்டும், மேலே எதை மீறவே கூடாது என்று நான் நேரில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மேலே தலை வேலை செய்யாது

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம்தான். ஆனால் உயரம் கூடக்கூட காற்றழுத்தம் குறைகிறது. 5500 மீட்டரில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதி. 8848.86 மீட்டர் உயர எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. மூச்சு வாங்குவதும் கால் கனப்பதும் நமக்கே தெரியும். தெரியாமல் நடப்பது மண்டைக்குள். கணக்குப் போடுவது, ஆபத்தை எடை போடுவது எல்லாம் மழுங்கும். மழுங்கிவிட்டது என்பதும் அந்த ஆளுக்குத் தெரியாது.

லடாக்கில் காங் யாட்சே 2 என்றொரு மலை, சுமார் 6250 மீட்டர். நள்ளிரவுக்கு முன்பே அடிவார முகாமான பேஸ் கேம்பிலிருந்து கிளம்பி, பனி தொடங்கும் இடத்தில் நின்று எல்லோரும் க்ராம்பான் மாட்டுவோம். ஒரு தடவை என்னோடு வந்த ஈரோட்டு நண்பர், வலது கால் க்ராம்பானை இடது காலில் மாட்ட முயன்றுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். கொக்கிகள் உள்பக்கமாக வருகின்றன, மறுபடியும் மறுபடியும் அதையே மாட்டுகிறார். "நான் நல்லாத்தான் இருக்கேன் மாப்ள, நீ போ" என்றார். குதிகால் நுனிவிரலைத் தொடும்படி நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். கைடு ஒரு வார்த்தை பேசவில்லை, நண்பரின் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைக் கீழே இறக்கினோம். காலையில் டீ குடித்துக்கொண்டே, "நாம எப்ப திரும்பினோம்?" என்று கேட்டார்.

அவர் ஓட்டப்பந்தயக்காரர். உடல்தகுதியில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டி. உயரத்தால் மூளையில் நீர் கோத்தால் அதெல்லாம் கைகொடுக்காது.

ஆகவே மேலே போகிறவருக்கு இரண்டு வேண்டும். தலை சொல்லாமலே கை செய்துவிடும் அளவுக்குப் பழகிய வேலைகள் ஒன்று. அதைத்தான் அனுபவம் என்கிறேன். எந்த நேரம் ஆனால் திரும்புவது, யார் சொன்னால் திரும்புவது என்பதைத் தலை தெளிவாக இருக்கும்போதே கீழே பேசி முடித்து வைப்பது இன்னொன்று. பாதுகாப்பு விதிகள் என்று நான் சொல்பவை பெரும்பாலும் இந்த இரண்டாவதில் அடங்கிவிடும்.

நம் ஊரில் எதைப் பழகலாம், எதைப் பழக முடியாது

"வெள்ளியங்கிரி ஏழு மலையும் மூணு மணி நேரத்துல ஏறிடுவேங்கண்ணா" என்பார்கள். நல்லது. கால் பலத்துக்கும் மூச்சுக்கும் அதைவிட நல்ல பயிற்சி எங்கள் பக்கம் கிடையாது. ஆனால் வெள்ளியங்கிரி 2000 மீட்டரைத் தொடாது. தமிழ்நாட்டின் உயரமான இடம் தொட்டபெட்டா, 2637 மீட்டர். பக்கத்துக் கேரளத்து ஆனைமுடி 2695. உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2500-க்கு மேல்தான் தலைகாட்டும். அதாவது, உங்கள் உடம்பு உயரத்துக்கு எப்படி என்பதை இமயமலைக்குப் போகாமல் தெரிந்துகொள்ள வழியே இல்லை. மாரத்தான் பதக்கமும் அதைச் சொல்லாது.

அதற்காக, வெக்கையில் வளர்ந்தவனுக்கு மலை ஒத்துக்காது என்று அர்த்தமில்லை. மலேசியாவிலிருந்து முதன்முதலில் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட மகேந்திரனும் மோகனதாஸும் தமிழ் வம்சாவளியினர்தான். 1997 மே 23 அன்று ஏறினார்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் முதலாவதாக முத்தமிழ்ச்செல்வி 2023-ல் ஏறினார். கடலோரத்தில் பிறந்தது ஒரு குறையே இல்லை. அவசரப்படுவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஊரில் செய்யக்கூடியது: பையில் 15 கிலோ போட்டுக்கொண்டு படி ஏறி இறங்குவது. இறங்குவதை விட்டுவிடாதீர்கள், மலையில் முழங்கால் போவது இறங்கும்போதுதான். வாரத்துக்கு ஒருநாள் நாலைந்து மணி நேரம் நிற்காமல் மெதுவாக நடப்பது. எட்டு வடிவ முடிச்சு, ப்ரூசிக் முடிச்சு, க்ளோவ் ஹிட்ச் மூன்றையும் கையுறையோடு கண்ணை மூடிப் போடுவது. மூன்றாவது விஷயத்தை டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். என் வீட்டு ஜன்னல் கம்பியில் எப்போதும் ஒரு கயிறு தொங்கும், வருகிறவர்கள் துணி காயப்போடவா என்று கேட்பார்கள்.

படிகள்

முதலில் 4000 மீட்டரைத் தாண்டும் ஒரு ட்ரெக். மணாலிப் பக்கம் ஹம்ப்டா கணவாய் 4270 மீட்டர், அந்த மாதிரி ஒன்று போதும். அங்கே பார்க்க வேண்டியது காட்சிகளை மட்டுமல்ல. 3500-க்கு மேல் தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா, தலைவலி எந்த உயரத்தில் தொடங்குகிறது, அடுத்த நாள் தணிகிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிற்காலத்தில் அந்த நோட்டு உங்கள் மருத்துவருக்கும் கைடுக்கும் நீங்கள் வாங்கும் எந்தச் சான்றிதழையும்விடப் பயன்படும்.

அடுத்தது பயிற்சி நிலையம். இதை மட்டும் தாண்டிப் போகவே கூடாது என்பது என் கட்சி. உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிலையம், டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிலையம், மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாய் பெயரிலுள்ள நிலையம், காஷ்மீர் பஹல்காமில் ஜவகர் நிலையம், அருணாசலத்தில் திராங் என்று அரசு சார்ந்த நிலையங்கள் இருக்கின்றன. பேசிக் கோர்ஸ் ஏறக்குறைய நான்கு வாரம். தனியார் கம்பெனிகள் ஒரு வாரப் பயணத்துக்கு வாங்கும் பணத்தோடு ஒப்பிட்டால், நான்கு வாரத்துக்கு இங்கே கட்டுவது ஒன்றுமே இல்லை. இடம் கிடைப்பதுதான் கஷ்டம், மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

நான் பேசிக் படித்தது உத்தரகாசியில். முதல் வாரம் தேக்லாவில் பாறை ஏற்றம். பிறகு முழுச் சுமையையும் நாமே தூக்கிக்கொண்டு பனியாற்றுக்கு நடை. அங்கே பனியில் சறுக்கினால் ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடரியைக் குத்தித் தன்னைத் தானே நிறுத்துவது, பனிப்பிளவில் விழுந்தவரைக் கயிற்றில் தூக்குவது, இடுப்பில் கட்டும் ஹார்னஸ், கயிற்றைப் பிடித்து ஏற உதவும் ஜூமார், கயிற்றில் இறங்குவது எல்லாம். ஒரே வேலையை நூறு தடவை செய்ய வைப்பார்கள். சலிப்பாக இருக்கும். சலிப்பு வரும் வரை செய்தால்தான் கைக்குப் பழகும். அதிகாலை எழுப்புவது, தட்டு கழுவுவது, தாமதமாக வந்தால் தண்டனை இதெல்லாம் பிடிக்காமல் முகம் சுளிப்பவர்களும் உண்டு. மலையில் சொன்ன நேரத்துக்குக் கிளம்பத் தெரியாதவனோடு ஒரே கயிற்றில் கட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, அதனால் நான் நிலையத்தின் பக்கம்தான்.

நம் ஆட்களுக்கு அங்கே இருக்கும் ஒரே தொல்லை இந்தி. முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. கட்டளைச் சொற்களை மட்டும் முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து யாராவது "பத்தர்!" என்று கத்தினால் கல் உருண்டு வருகிறது. அண்ணாந்து பார்க்காமல் பாறையோடு ஒட்டி நிற்க வேண்டும். புரியாமல் மேலே பார்த்த பையனின் ஹெல்மெட்டில் கல் பட்டுத் தெறித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

பேசிக்கில் ஏ கிரேடு வாங்கினால்தான் அட்வான்ஸ்டு கோர்ஸுக்குப் போக முடியும். வாங்காவிட்டால் அழ வேண்டாம். எதில் குறைந்தது என்று பயிற்சியாளரிடம் கேட்டு, ஒரு வருடம் விட்டு மறுபடி போனவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவதாக, சின்ன சிகரங்கள். மணாலி பக்கம் ஃப்ரெண்ட்ஷிப் பீக் 5289 மீட்டர். பனியில் நடக்கப் பழக நல்ல இடம். பிறகு 6000-ஐத் தாண்டும் ஒன்று. பாராலாச்சா கணவாய்ப் பக்கம் யூனம் 6111 மீட்டர் என்று நிறையப் பேர் போகிறார்கள். அதில் ஒரு சிக்கல், வண்டியிலேயே ஏறக்குறைய அடிவாரம் வரை போய்விடலாம். உடம்பு பழகுவதற்குள் உயரம் வந்துவிடும். இன்னொன்று, அது பெரும்பாலும் நடைதான், கயிறு வேலை கம்மி. "6000 மீட்டர் முடிச்சாச்சு" என்று சொல்லிக்கொள்ளலாம், கயிறு தெரியும் என்று சொல்ல முடியாது. ஸ்டோக் காங்ரியை இன்னமும் சில பழைய பட்டியல்களில் பார்ப்பீர்கள். ஊர்க்காரர்கள் 2020-லேயே மூடிவிட்டார்கள்.

நான்காவது, 7000. நூன் 7135, குன் 7077, கங்கோத்ரிப் பக்கம் சதோபந்த் 7075. இங்கேதான் விளையாட்டு மாறும். ஒரே இரவில் ஏறி இறங்குவதெல்லாம் கிடையாது. இரண்டு மூன்று முகாம், சுமையை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கீழே வந்து தூங்குவது, 6000-க்கு மேல் பல இரவுகள், புயலில் கூடாரத்துக்குள் இரண்டு நாள் சும்மா கிடப்பது. பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சவே ஒரு வேளைக்கு மணிக்கணக்கில் ஆகும். இந்தியாவில் இப்படிப்பட்ட சிகரங்களுக்கு டெல்லியிலுள்ள இந்திய மலையேற்ற கூட்டமைப்பின் அனுமதி வேண்டும். நல்ல குழு என்றால் அந்தக் காகிதத்தைக் கேட்டதும் காட்டுவார்கள்.

அதற்குப் பிறகுதான் 8000. அதிலும் நேராக எவரெஸ்ட் வேண்டாம், மனாஸ்லு (8163 மீட்டர்) மாதிரி ஒன்றில் ஆக்சிஜன் முகமூடியோடு நடந்து பழகுவது நல்லது என்பேன். நேபாளத்தில் 8000-க்கு மேற்பட்ட சிகரங்களுக்கு இரண்டு பேருக்கு ஒரு கைடு கட்டாயம் என்று 2025-ல் விதி வந்துவிட்டது. நேபாளத்திலேயே ஒரு 7000 மீட்டர் சிகரம் ஏறியவருக்குத்தான் எவரெஸ்ட் அனுமதி என்ற முன்மொழிவும் அதே வருடம் சட்ட முன்வரைவில் வந்தது. அரசு சட்டம் போடுகிறதோ இல்லையோ, நீங்கள் உங்களுக்கே போட்டுக்கொள்ளலாம்.

எத்தனை சிகரம் என்ற எண்ணிக்கையை நான் பெரிதாக எடுப்பதில்லை. என்னிடம் வருகிறவர்களிடம் கேட்பது இதுதான்: உச்சி கண்ணுக்குத் தெரியும்போது திரும்பி வந்திருக்கிறீர்களா? யார் திரும்பச் சொன்னது? அப்போது என்ன பேசினீர்கள்? இதற்குச் சண்டை கதையாகப் பதில் வந்தால், இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்பேன்.

உயரத்துக்கு உடம்பைப் பழக்குவது

3000 மீட்டருக்கு மேல் போனபின், நேற்றுத் தூங்கிய இடத்தைவிட இன்று தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு. பகலில் இன்னும் மேலே போய்விட்டுக் கீழே வந்து தூங்கலாம், அது நல்லதும்கூட. கணக்கு தூங்கும் உயரத்துக்குத்தான்.

லே நகரம் 3500 மீட்டர். காலையில் சென்னையில் இட்லி சாப்பிட்டுவிட்டு டெல்லி வழியாக விமானத்தில் போய் இறங்குபவர், இறங்கிய நிமிடமே இந்த விதியை உடைத்துவிட்டார். அதற்குப் பரிகாரம், குறைந்தது இரண்டு முழு நாள் அங்கே சும்மா இருப்பது. சும்மா என்றால் சும்மா. கடைத்தெரு வரை நடக்கலாம், லேக்கு மேலே உள்ள கர்துங் லா கணவாய்க்கு பைக் எடுக்கக் கூடாது. முதல் நாளே கர்துங் லா போய் வாந்தியெடுக்கும் நம் ஊர்ப் பையன்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன்.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அளவுக்கு மீறிய அசதி இவற்றில் ஏதாவது சேர்ந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது உயர நோய்தான். சாப்பாடு ஒத்துக்கவில்லை, வெயில் என்றெல்லாம் சாக்கு சொல்லக்கூடாது. அறிகுறியோடு மேலே ஏறக்கூடாது. இருக்கும் இடத்தில் தணியாமல் கூடினால் இறங்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, குணம் மாறினாலோ மூளையில் நீர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் கொரகொர சத்தமோ இளஞ்சிவப்பு நுரையோ வந்தால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் விடியும் வரை காத்திருக்கவே கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் இறக்க வேண்டும், ஆக்சிஜன் இருந்தால் கொடுக்க வேண்டும். தனியாக அனுப்பவே கூடாது.

மருந்தைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். அசெட்டசோலமைடு, நாம் டயாமாக்ஸ் என்கிற மாத்திரை, தடுப்புக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்பா மருந்து ஒத்துக்காதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மற்றவர்களும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். டெக்சாமெத்தசோனும் நிஃபெடிபினும் அவசரத்துக்கு, இறங்குவதற்குக் கைகொடுக்க. டெக்சாவைப் போட்டுக்கொண்டு மேலே ஏறும் பழக்கம் பரவியிருக்கிறது. அறிகுறியை மூடி மறைத்துக்கொண்டு போவது அது. அப்படிப் போகிறவர் என் கயிற்றில் வேண்டாம்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் மீட்டரை வைத்து "எனக்கு 84, உனக்கு 79" என்று பந்தயம் வைப்பதும் ஒரு வியாதி. விரல் சில்லிட்டிருந்தால் அந்த எண்ணே தப்பாக வரும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள்: சாப்பிடுகிறாரா, கிண்டல் செய்தால் சிரிக்கிறாரா, பூட்ஸ் கயிற்றை ஒழுங்காகக் கட்டுகிறாரா. மது, தூக்க மாத்திரை இரண்டும் பேஸ் கேம்புக்குத் திரும்பி இறங்கும் வரை கிடையாது.

கயிற்றில்

கட்டி வைத்த கயிற்றில் ஏறுபவர்கள் ஹார்னஸிலிருந்து இரண்டு இணைப்பு வைத்திருப்பார்கள். ஒன்றில் ஜூமார், மேலே தள்ளினால் போகும், கீழே இழுத்தால் பிடிக்கும். மற்றதில் பாதுகாப்பு கேரபினர், அதாவது பூட்டுள்ள கொக்கி வளையம். ஒவ்வொரு நூறடிக்கும் கயிறு ஒரு ஆணியிலோ பனிக்கம்பியிலோ கட்டப்பட்டிருக்கும். அதைத் தாண்டும் அந்த நாலைந்து நொடிதான் ஆபத்து. முதலில் பாதுகாப்பு கேரபினரைக் கட்டுக்கு மேலே உள்ள கயிற்றில் மாட்டுங்கள். பூட்டைத் திருகுங்கள். இழுத்துப் பாருங்கள். அப்புறம்தான் ஜூமாரைக் கழற்றி மேலே மாற்ற வேண்டும். எந்த நொடியிலும் இரண்டில் ஒன்றாவது கயிற்றில் இருக்க வேண்டும். இதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யும் பழக்கம் எனக்கு இன்னும் உண்டு: "மாட்டியாச்சு, பூட்டியாச்சு, இழுத்தாச்சு." பின்னால் வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பழைய கயிறுகள் தொங்கும். போன வருடத்துக் கயிறு வெயிலில் வெளுத்து, விறைத்து இருக்கும். எது இந்த வருடத்துக் கயிறு, என்ன நிறம் என்று கீழேயே ஷெர்பாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது களைப்பில் கை பக்கத்துக் கயிற்றைப் பிடித்துவிடும்.

பனியாற்றில் புதுப்பனி மூடிய பிளவுகள் கண்ணுக்குத் தெரியாது. நேற்று ஊரே நடந்துபோன தடம் இருந்தாலும் கயிற்றில் கட்டிக்கொண்டே நடக்க வேண்டும், இடைவெளியில் கயிறு தொய்யாமல். கூடாரத்திலிருந்து சிறுநீர் கழிக்க நாலடி நகர்ந்தவர்கள் பிளவில் விழுந்த கதைகள் மலை முழுக்க உண்டு. முகாமைச் சுற்றி நீண்ட குச்சியால் குத்திப் பார்த்துக் கொடி நட்ட எல்லைக்குள்ளேயே நடமாடுங்கள்.

எவரெஸ்டின் நேபாளப் பக்கம் பேஸ் கேம்புக்கு மேலே உள்ள கும்பு பனியருவியில் நள்ளிரவுக்குப் பின், விடிவதற்கு முன் ஏறுவது எதற்கென்றால், வெயில் பட்டதும் பனிக்கட்டிப் பாளங்கள் தளர ஆரம்பிக்கும். ஆனாலும் உத்தரவாதம் கிடையாது. 2014 ஏப்ரல் 18 அன்று காலையில் அங்கே விழுந்த பனிச்சரிவில் 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆபத்தான இடத்தில் ஓய்வெடுக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எவ்வளவு வேகமாக முடியுமோ தாண்டிவிட வேண்டும். அந்த வேகத்துக்குத்தான் முன்னால் சொன்ன அனுபவமெல்லாம். பிளவுகளுக்கு மேல் போட்ட அலுமினிய ஏணியில் க்ராம்பானோடு நடக்க அங்கேதான் முதல்முறை கற்றுக்கொள்கிறவர், தனக்கு மட்டுமல்ல, பின்னால் நிற்கும் இருபது பேருக்கும் ஆபத்து.

பனிச்சரிவைப் பற்றி ஒன்று. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலும் வரும். கனத்த பனி பெய்த பிறகு ஒன்றிரண்டு நாளாவது அந்தச் சரிவில் கால் வைக்காமல் இருக்க வேண்டும். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி நிலையத்தின் அட்வான்ஸ்டு கோர்ஸ் குழு திரௌபதி கா தண்டாவில் உச்சிக்குப் பக்கத்தில் சரிவில் சிக்கியது. 27 பேருடைய உடல்கள் மீட்கப்பட்டன. அதில் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அந்த வருடம் மே மாதம்தான் எவரெஸ்டும் மகாலுவும் பதினாறு நாளுக்குள் ஏறியவர். அனுபவம் இருந்தால் பனி விட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். வெளியிலிருந்து உதவி வரும் வரை அவகாசம் கிடையாது, கூட இருப்பவர்களிடம் பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி), குத்துக்கம்பி, மண்வாரி மூன்றும் இருந்தால்தான் உண்டு.

திரும்பும் நேரம்

குறித்து வைத்த நேரம் ஆகிவிட்டால், உச்சி நூறு மீட்டரில் இருந்தாலும் திரும்ப வேண்டும். அந்த நேரத்தைப் பேஸ் கேம்பிலேயே முடிவு செய்து, எழுதி, கைடு, நீங்கள், கீழே வாக்கி டாக்கியில் இருப்பவர் மூவரும் வைத்திருக்க வேண்டும். 1996 மே 10 அன்று எவரெஸ்டில் மதியம் இரண்டு மணிக்குப் பிறகும் ஏறிக்கொண்டிருந்தார்கள். புயல் வந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள், வடக்குப் பக்கம் ஏறிய நம் இந்தோ திபெத் எல்லைக் காவல் படையினர் மூவர் உட்பட. திரும்பும் நேரம் தெரியாதவர்கள் அல்ல அவர்கள்.

கூட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2019-ல் நேபாளப் பக்கம் 381 பேருக்கு அனுமதி, நல்ல வானிலை சில நாட்களே. உச்சிக்குக் கீழே வரிசை நின்ற படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த சீசனில் எவரெஸ்டில் 11 பேர் இறந்தார்கள். வரிசையில் நிற்கும்போதும் சிலிண்டர் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். 4 லிட்டர் சிலிண்டரை 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் ஏறத்தாழ 1200 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பத்து மணி நேரம். 4 லிட்டருக்குத் திருகினால் ஐந்துதான். மேலே எத்தனை சிலிண்டர், எங்கே வைத்திருக்கிறது, எந்த இடத்தில் மாற்றுவது, மாற்றும்போது கையில் எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஷெர்பா பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். அவருடைய சிலிண்டரும் அதே கணக்குத்தான்.

உச்சியைத் தொட்டவுடன் பாதி வழிதான் முடிந்திருக்கிறது. அங்கே கால் மணி நேரம் போதும். செல்ஃபிக்காகக் கையுறையைக் கழற்றி விரலை இழந்தவர்கள் உண்டு. கையுறையை மணிக்கட்டோடு கயிறு போட்டுக் கட்டி வையுங்கள். விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கவே கூடாது. மறுபடி உறைய வாய்ப்பிருக்கும் இடத்தில் உருக வைக்கவும் கூடாது. கீழே பாதுகாப்பாக வந்த பிறகு, 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில்.

காகிதமும் கம்பெனியும்

மலிவான கம்பெனியைப் பார்த்து மயங்குவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். என்னோடு வரும் கைடு யார், அவர் இதே மலையில் ஏறியிருக்கிறாரா? ஒரு ஆள் நோய்ப்பட்டு இறங்கினால் அவரோடு இறங்க யார் இருக்கிறார்? கூடுதல் ஆக்சிஜன் எவ்வளவு? வானிலை எங்கிருந்து வாங்குகிறீர்கள்? "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் அனுபவத்தைப் பற்றி அவர்கள் ஒன்றுமே கேட்காமல் முன்பணம் கேட்டாலும் அதே வணக்கம்தான்.

காப்பீட்டில் மலையேற்றத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் எந்த உயரம் வரை என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகளில் கயிறு கட்டி ஏறுவது பெரும்பாலும் சேராது. வெளிநாட்டு நண்பர் கொடுத்தார் என்று சாட்டிலைட் போனைப் பையில் போட்டுக்கொண்டு இந்திய மலைகளுக்குப் போகாதீர்கள். அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடித்த சம்பவங்கள் உண்டு. குழுத் தலைவர் முறையான அனுமதியோடு வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

கடைசியாக பூட்ஸ். உயர மலைக்கான இரட்டை பூட்ஸ் நம் ஊரில் போட்டுப் பார்த்து வாங்கக் கிடைப்பது அரிது. லேயிலோ மணாலியிலோ காத்மாண்டு தமேலிலோ வாடகைக்கு எடுப்பவர்கள்தான் அதிகம். சாயங்காலம் போங்கள், நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. மேலே போட்டுக்கொள்ளப்போகும் அதே தடிமனான சாக்ஸோடு மாட்டி, கயிற்றை இறுக்கி, கடையின் படியில் முன்பக்கமாக நாலு உதை உதையுங்கள். விரல் நுனி முட்டினால் வேறு ஜோடி கேளுங்கள். கடைக்காரர் "போகப்போக சரியாயிடும்" என்பார், அடுத்த கடைக்குப் போங்கள். உங்கள் க்ராம்பானையும் அங்கேயே அந்த பூட்ஸில் மாட்டி, தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.